கர்ணன் வேஷம் கட்டுன ராத்திரி: விசிடி, மினி டிவிடி, லேசர் டிஸ்க்னு வந்த ஒரு பையோட முழு கேஸ்

காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு ஊர்லேர்ந்து வந்த கேஸ் இது. அப்பா தெருக்கூத்துல கர்ணன் வேஷம் கட்டுறவரு. ஊர்ல பாரதம் வெச்சப்ப விடிய விடிய ஆடுனதை ஒரு ஸ்டுடியோக்காரர் வீடியோ எடுத்து விசிடியா போட்டுக் குடுத்திருக்காரு, அப்பா தவறிப்போய் சில வருஷம் ஆச்சு, இப்ப அந்த வீடியோவை பேரப்பிள்ளைங்களுக்குக் காட்டணும்னு மகன் ஒரு மஞ்சப்பையோட கடைக்கு வந்தாரு. ஏற்கனவே வேற எடத்துல காட்டியிருக்காரு, லேப்டாப்ல போட்டுப் பாத்துட்டு “சிடி போயிடுச்சுண்ணா, எரர் வருது”ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்களாம். கூட வந்த அம்மா ஒண்ணே ஒண்ணு தான் கேட்டாங்க, “படம் எப்படி இருந்தாலும் பரவால்ல சாமி, எங்கூட்டுக்காரரு குரல் கேட்டா போதும்”னு.

டிஸ்க் எதுவும் முழுசா போகல. விசிடியை எப்படிப் படிக்கணுமோ அப்படி யாரும் படிச்சுப் பாக்கல. இதை நீட்டி எழுதுறதுக்குக் காரணம் இருக்கு: தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் கூத்து, கல்யாணம், காதுகுத்து, தீமிதின்னு விசிடில கெடக்குறது எக்கச்சக்கம், எல்லாம் பீரோ மேல தூசி புடிச்சு இருக்கு, பிளேயர் ரிப்பேர் ஆன கையோட டிஸ்க்கும் குப்பைக்குப் போயிடுது. அந்தப் படத்துல இருக்குற பெரியவங்க பல பேரு இன்னைக்கு இல்ல, திரும்ப எடுக்கவும் முடியாது.

பையில இருந்தது

கூத்து விசிடி ஏழு, ஒவ்வொண்ணு மேலயும் ஸ்கெட்ச் பேனால நம்பர். உள்ளங்கைக்குள்ள அடங்குற சைஸ்ல ஒரு குட்டி டிவிடி. அப்புறம் அட்டை உறையில ஒரு பெரிய தட்டு, சிங்கப்பூர்ல வேலை பாத்த சித்தப்பா ஊருக்கு வரும்போது கொண்டாந்தது, இதை வீட்ல இத்தனை வருஷமும் கிராமஃபோன் தட்டுன்னு நெனைச்சு வெச்சிருக்காங்க. இது போக கடையில வாங்குன சினிமா விசிடி கொஞ்சம். 2007ல மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபா, டிவிடி 34 ரூபான்னு விட்டாங்களே, அந்தக் காலத்துது. அந்தப் படமெல்லாம் வேற எங்கயாச்சும் கெடைக்கும், அதனால அதை மொதல்லயே ஒதுக்கிட்டோம்.

இந்த மாதிரி பை வந்தா எதையும் உடனே டிரைவ்ல போடக்கூடாது, மொதல்ல கண்ணால பாக்கணும். ட்யூப்லைட்டுக்குக் கீழ டிஸ்க்கைச் சாச்சுப் புடிங்க. ஃபேக்டரில அச்சடிச்சதா இருந்தா அடிப்பக்கம் சுத்த வெள்ளியா இருக்கும், ஸ்டுடியோல ரைட் பண்ணதுன்னா லேசா பச்சையோ நீலமோ அடிக்கும், அது சாயம். அச்சடிச்ச டிஸ்க்ல தகவல் பள்ளமா பதிஞ்சிருக்கும், ரைட் பண்ணதுல லேசர் சூட்டால சாயத்துல போட்ட தடமா இருக்கும், அதனால வெயிலும் சூடும் அதுக்கு ஆகவே ஆகாது, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ பரண்ல வெச்ச டிஸ்க் சீக்கிரம் போறது இதனால தான்.

இன்னொண்ணு, இது நெறைய பேருக்குத் தெரியாது. சிடியோட அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக், தகவல் இருக்குறது மேல லேபிள் பக்கம், ஒரு மெல்லிசு வார்னிஷுக்கு அடியில. அடில விழுற கீறல் பாதி நேரம் ஒண்ணும் பண்ணாது, லேபிள் பக்கம் ஒரு நகக்கீறல் விழுந்தா அந்த எடமே காலி. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா உரிக்கவே உரிக்காதீங்க, வெள்ளிப்பூச்சு அதோடயே வந்துடும். டிவிடில அப்படி இல்ல, ரெண்டு 0.6 மில்லிமீட்டர் தகட்டுக்கு நடுவுல தகவல் இருக்கும், அதனால மேல்பக்கக் கீறலுக்கு அது கொஞ்சம் தாங்கும். செல்போன் டார்ச்சை டிஸ்க்குக்குப் பின்னாடி புடிச்சுப் பாத்தப்ப ஆறு டிஸ்க் பரவால்ல, நாலாம் நம்பர்ல மட்டும் வெளி ஓரத்துல ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் வந்துச்சு, பூச்சு உதுந்திருக்கு. சிடி உள்ளேர்ந்து வெளிப்பக்கமா எழுதுறது, அப்போ வெளி ஓரம்னா அந்த டிஸ்க்கோட கடைசி நிமிஷங்கள்.

எந்த வருஷத்துதுன்னு வீட்ல யாருக்கும் சரியா ஞாபகம் இல்ல. உறையில ஸ்டுடியோ பேருக்குக் கீழ காவேரிப்பட்டணம், தர்மபுரி மாவட்டம்னு அச்சடிச்சிருந்துச்சு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரிஞ்சது 2004 பிப்ரவரி 9, அதனால உறை அதுக்கு முந்தினது. டிஸ்க்குக்குள்ள ஃபைல் தேதி 2002 மே மாசம் காட்டுச்சு, ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல தேதி தப்பா இருந்திருக்கலாம்னு தான் ஃபைல் தேதியை மட்டும் நம்பக்கூடாது, ஆனா இங்க ரெண்டும் ஒத்துப்போச்சு, பாரதம் வைக்கிற சீசனும் ஒத்துப்போச்சு.

பெரிய தட்டு

அது லேசர் டிஸ்க். 30 சென்டிமீட்டர் அகலம், ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், கையில எடுத்தா கனம் தெரியும், கிராமஃபோன் தட்டுல இருக்குற வரிப்பள்ளம் இதுல கையில தட்டுப்படாது. 1978 டிசம்பர்ல அமெரிக்கால அட்லாண்டால மொதல்ல விற்பனைக்கு வந்துச்சு, பிலிப்ஸும் எம்சிஏவும் சேந்து கொண்டாந்தது, அப்ப டிஸ்கோவிஷன்னு பேரு, அப்புறம் பயனியர் கம்பெனி தான் இதைத் தூக்கி நிறுத்துனது, 2009ல பிளேயர் பண்றதை நிறுத்துற வரைக்கும் விடாம பண்ணாங்க. லேசர் படிக்குதுன்னதும் இது டிஜிட்டல்னு நெனைச்சுக்குறாங்க, படம் சுத்தமா அனலாக். பள்ளத்தோட நீளமும் இடைவெளியும் கூடிக் கொறையுது பாருங்க, அதுல தான் வீடியோ சிக்னலே இருக்கு. அதனால எந்தக் கம்ப்யூட்டர் டிரைவும் இதைப் படிக்காது, தட்டு உள்ள போற அளவுக்கு டிரைவ் செஞ்சாலும் படிக்காது.

இதுலயும் ரெண்டு விதம். சிஏவின்னு போட்டிருந்தா ஒரு சுத்துக்கு ஒரு ஃபிரேம், ஒரு பக்கத்துக்கு 54,000 ஃபிரேம், 30 நிமிஷம் ஓடும், எந்த ஃபிரேம்ல வேணா ஆடாம நிக்கும். சிஎல்வின்னு போட்டிருந்தா பக்கத்துக்கு 60 நிமிஷம். நமக்கு வந்தது சிஎல்வி, என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து டிவி முறை), கரோக்கே பாட்டு டிஸ்க். ஒரு காலத்துல சிங்கப்பூர், ஜப்பான் பக்கமெல்லாம் கரோக்கேக்கு இதைத் தான் ஓட்டுனாங்க. இதை ஓட்ட வேலை செய்யுற லேசர் டிஸ்க் பிளேயரே வேணும், அது இருந்தா மஞ்சள் பின் வழியா சாதா டிவிக்கு வந்துடும், டிவி என்டிஎஸ்சி எடுக்கலைன்னா படம் கருப்பு வெள்ளையா தெரியும். பழைய தட்டுல ரெண்டு பக்கத்தையும் ஒட்டுன பசை வழியா காத்து போயி அலுமினியம் கெட்டுப்போறது உண்டு, அப்ப படத்துல புள்ளி புள்ளியா மின்னும், அதுக்கு மருந்து கெடயாது. பிளேயரோட லேசர் தலையிலேர்ந்து வர்ற ஆர்எஃப் சிக்னலை அப்படியே கம்ப்யூட்டர்ல புடிச்சு சாஃப்ட்வேர்ல வீடியோவா மாத்துற எல்டி-டிகோட்னு இலவச ப்ராஜெக்ட் ஒண்ணு இருக்கு, லேசர் டிஸ்க்லேர்ந்து நல்ல தரத்துல எடுக்கணும்னா இன்னைக்கு அதான் வழி. ஆனா அதுக்கும் பிளேயர் வேணும். பெங்களூர்ல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு பிளேயருக்குச் சொல்லி வெச்சிருக்கேன். குடும்பத்து ஆளுங்க யாரும் அதுல இல்ல, அவசரமும் இல்ல, தட்டைப் படுக்கப் போடாம புத்தகம் மாதிரி நிக்க வெச்சு வைக்கச் சொல்லி அனுப்பிட்டேன்.

(இதே காலத்துல ஆர்சிஏ 1981ல ஊசி வெச்சு ஓட்டுற ஒரு வீடியோ தட்டு விட்டாங்க, ஜேவிசி விஎச்டின்னு இன்னொண்ணு விட்டாங்க, ரெண்டும் பிளாஸ்டிக் உறையோட மெஷினுக்குள்ள போறது. நம்ம பக்கம் நான் பாத்ததில்ல. யாருகிட்டயாச்சும் இருந்தா உறையிலேர்ந்து கையால வெளிய எடுக்காதீங்க.)

குட்டி டிவிடி

8 சென்டிமீட்டர் டிவிடி, 1.4 ஜிபி, நேரா டிஸ்க்லயே ரெகார்டு பண்ற ஹேண்டிகேம்ல போடுறது, நார்மல் குவாலிட்டில அரை மணி நேரம் புடிக்கும். பேரப்புள்ள காதுகுத்து அதுல இருக்குன்னாங்க. லேப்டாப்ல போட்டா டிஸ்க் காலியா இருக்கு, ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குது. இந்த எடத்துல யாரும் ஓகே குடுத்துடாதீங்க, திரும்பத் திரும்பச் சொல்றேன். ரெகார்டு பண்ணவங்க கேமரால ஃபைனலைஸ் பண்ணாம விட்டிருக்காங்க, அதாவது டிஸ்க்கோட பொருளடக்கம் எழுதல, உள்ள வீடியோ இருக்கு. அந்த கேமரா உசுரோட இருந்தா அதுலயே போட்டு மெனுல ஃபைனலைஸ் குடுத்தா முடிஞ்சுது. கேமரா இவங்ககிட்ட இல்ல, ஐசோபஸ்டர் சாஃப்ட்வேர்ல டிஸ்க்கை ஸ்கேன் பண்ணி உள்ள இருந்த வீடியோவை எடுத்தாச்சு, பெரிய சிரமம் இல்ல. ஒரே எச்சரிக்கை, கார் ஸ்டீரியோ மாதிரி வாய்க்குள்ள இழுத்துக்குற ஸ்லாட் டிரைவ்ல இந்தக் குட்டி டிஸ்க்கைப் போட்டா மாட்டிக்கும், தட்டு வெளிய வர்ற டிரைவ்ல நடுவுல இருக்குற சின்ன வட்டத்துல வெச்சுத் தான் போடணும்.

கூத்து விசிடி

இப்ப விஷயத்துக்கு வர்றேன். விசிடி 1993ல பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி சேந்து போட்ட கணக்கு. எம்பெக்-1 வீடியோ, நம்ம ஊர் டிவி முறையான பால் (PAL) கணக்குல 352க்கு 288 புள்ளி, செகண்டுக்கு 25 ஃபிரேம், வீடியோவுக்கு 1150 கிலோபிட், ஆடியோவுக்கு 224 கிலோபிட். படம் சின்னது தான், ஆனா சத்தத்துக்கு ஒதுக்குனது தாராளம், அதனால பழைய கூத்து விசிடில முகம் மங்கலா இருந்தாலும் முகவீணையும் மத்தளமும் தெளிவாவே கேக்கும். அவரு குரல் கேட்டா போதும்னு அந்த அம்மா சொன்னப்ப எனக்கு தைரியம் வந்தது அதனால தான்.

டிஸ்க்கைத் திறந்தா எம்பெக்ஏவின்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள .DAT-னு முடியுற ஒரு பெரிய ஃபைல், அதான் படம். இந்த ஃபைல் சாதா ஃபைல் மாதிரி எழுதப்படல, எல்லா சிக்கலும் இங்க தான். சிடில தகவலைத் துண்டு துண்டா தான் எழுதுறது, ஒரு துண்டுக்கு செக்டார்னு பேரு, ஒரு செக்டார்னா 2352 பைட். நீங்க ஃபோட்டோ, டாக்குமென்ட் காப்பி பண்ற சிடில அதுல 2048 பைட் தான் தகவல், மீதில 276 பைட் கூடுதல் பிழைத்திருத்தத்துக்கு, டிஸ்க்ல கொஞ்சம் கெட்டாலும் கணக்குப் போட்டு சரி பண்ணிக்கும். விசிடில அந்தத் திருத்தத்தைத் தூக்கிட்டு அந்த எடத்தையும் வீடியோவுக்கே குடுத்து 2324 பைட் ஆக்கிட்டாங்க, படத்துல ஒரு புள்ளி தப்பா வந்தா யாருக்கும் நஷ்டம் இல்ல, டாக்குமென்ட்ல ஒரு எழுத்து மாறினா தான் நஷ்டம்னு நெனைச்சு. 74 நிமிஷப் படம் ஒரே சிடில அடங்குனது இதனால தான், 700 எம்பின்னு போட்ட டிஸ்க்குக்குள்ள 800 எம்பிக்கு ஒரு ஃபைல் எப்படின்னு கேப்பாங்களே, அதுக்கும் இதே பதில்.

விளைவு என்னன்னா, சிடிக்கே உரிய அடிப்படைத் திருத்தம் மட்டும் தான் இருக்கு, அதையும் தாண்டி ஒரு செக்டார் கெட்டா காப்பாத்த ஆள் இல்ல. டிவிக்குப் பக்கத்துல இருந்த பழைய பிளேயர் அதைக் கண்டுக்காது, கட்டம் கட்டமா ஒரு செகண்ட் காட்டிட்டு தாண்டிப் போயிடும். விண்டோஸ் அப்படி விடாது, ஒரு செக்டார் படிக்க முடியலைன்னா சைக்ளிக் ரிடண்டன்சி செக்னு எரர் போட்டு மொத்த காப்பியையும் நிறுத்திடும், அதுவரைக்கும் வந்ததையும் அழிச்சிடும். “டிவில ஓடுச்சு, கம்ப்யூட்டர்ல ஓடல”ன்னு சொல்ற ஒவ்வொரு கேஸும் எனக்குத் தெரிஞ்சு இது தான். சில பேரு மொத்த டிஸ்க்கையும் ஐஎஸ்ஓன்னு ஒரே பிம்ப ஃபைலா எடுக்குறாங்க, அதுவும் ஆகாது, ஐஎஸ்ஓ 2048 பைட் கணக்கு, விசிடி செக்டார் அதுல முழுசா ஏறாது.

வழி என்னன்னா, 2352 பைட்டையும் அப்படியே ராவா படிக்கிற சாஃப்ட்வேர் வேணும். விண்டோஸ்ல ஐசோபஸ்டர், லினக்ஸ்ல சிடிஆர்டிஏஓ, எடுத்த பிம்பத்துலேர்ந்து வீடியோவைப் பிரிக்க விசிடிஇமேஜர். டிரைவும் முக்கியம். லேப்டாப்போட மெல்லிசு டிரைவ் பெரும்பாலும் இதுக்கு லாயக்கில்ல, பழைய டெஸ்க்டாப் டிரைவ் ரெண்டு மூணு கம்பெனிதா வெச்சுக்கிட்டா ஒண்ணு படிக்காததை இன்னொண்ணு படிக்கும், ஸ்பீடைக் கொறைச்சு வெச்சா இன்னும் நல்லது. டிஸ்க்கைத் தொடைக்கும்போது வட்டமா தொடைக்காதீங்க, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா, மெல்லிசு துணியால. பேஸ்ட் போட்டுத் தேய்க்கிறதெல்லாம் எனக்கு ஒப்பாது.

அப்படிப் படிச்சதுல அஞ்சு டிஸ்க் சுத்தமா வந்துச்சு, ஆறாம் நம்பர்ல நடுவுல ஒரு எடத்துல மட்டும் கட்டம் அடிச்சுது, நாலாம் நம்பர் ஓரத்துல பூச்சு உதுந்த எடத்துல நின்னுடுச்சு, கடைசி சில நிமிஷம் வரல. அந்தக் கடைசி நிமிஷம் என்னன்னு முன்னாடி ஓட்டிப் பாத்தா, கர்ணன் போர்க்களத்துக்குக் கெளம்புறாரு, பொண்டாட்டி பொன்னுருவி தடுக்குறா, அந்த விடைபெறுற கட்டம். ராத்திரி கூத்துலயே ஊர் ஜனம் முந்தானையால கண்ணைத் தொடைக்கிற எடம், அங்க போயி நிக்குது.

பூச்சே போன எடத்தை எந்த சாஃப்ட்வேரும் கொண்டு வராது. ஆனா ஸ்டுடியோக்காரர் இவங்களுக்கு மட்டுமா ரைட் பண்ணிக் குடுத்திருப்பாரு? ஜமால, அதாவது கூத்துக் குழுவுல, இருந்தவங்க, கோயில் தர்மகர்த்தா, செலவு பண்ண வீடுன்னு பல காப்பி போயிருக்கும். எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்லேர்ந்து எழுதுனது, ஆனா ஒவ்வொரு வீட்லயும் கீறல் வேற வேற எடத்துல விழும். மகன்கிட்ட இதைச் சொன்னேன், அவரு விசாரிச்சதுல பொன்னுருவியா பொம்பள வேஷம் கட்டுன பெரியவரு பாலக்கோடு பக்கம் இருக்காருன்னு தெரிஞ்சுது. ஃபோன் போட்டதும், “கிரீடப் பொட்டியிலயே கெடக்குது தம்பி, வந்து எடுத்துக்க, பாத்துட்டு எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு”ன்னாரு.

அவரோட நாலாம் நம்பர்ல ஆரம்பத்துல கீறல், கடைசி நல்லா இருக்கு. ரெண்டையும் ராவா எடுத்து செக்டார் நம்பர் வெச்சு ஒப்பிட்டா ஒண்ணுக்கொண்ணு அச்சு மாதிரி பொருந்துது, முன்பாதியை இதுலேர்ந்தும் பின்பாதியை அதுலேர்ந்தும் எடுத்து, முழு ஃபிரேம் ஆரம்பிக்கிற எடமா பாத்து ஒட்டியாச்சு. திரும்ப என்கோட் எதுவும் பண்ணல. விடைபெறுற கட்டம் முழுசா வந்துச்சு, அம்மா ஹெட்போனைக் கழட்டாம ரெண்டாவது தடவையும் போடச் சொன்னாங்க.

குடுத்த விதமும் சொல்லிடுறேன். ராவா எடுத்த பிம்பம் ஒரு காப்பி, அதுலேர்ந்து பிரிச்ச எம்பெக் ஃபைல் ஒரு காப்பி, ஃபோன்ல பாக்க எஃப்எஃப்எம்பெக் சாஃப்ட்வேர்ல மாத்துன எம்பி4 ஒரு காப்பி, மூணும் ரெண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்ல. மகன் ஏஐ வெச்சு 4கே ஆக்க முடியுமான்னு கேட்டாரு. நான் வேணாம்னு சொன்னேன். கர்ணன் முகத்துல அரிதாரத்து மேல வெள்ளைப் புள்ளி வரிசையா வெச்சிருக்காங்க, 352 புள்ளி அகலத்துல அது கோடா ஒட்டிப்போய் தெரியுது, ஏஐ அந்தக் கோட்டைப் புடிச்சுக்கிட்டு இல்லாத ஒரு ஒப்பனையை வரைஞ்சு வெச்சுடும், நாளைக்கு வேஷம் கட்டப் பழகுற புள்ளைங்க அதைப் பாத்து அது தான் முறைன்னு நெனைச்சுக்கும். பாக்குறதுக்கு வேணா தனியா ஒரு காப்பில பண்ணிக்கலாம், மூலத்துல கை வைக்கக்கூடாது.

கம்ப்யூட்டர் இல்லாம சும்மா பாக்கணும்னு இருக்கவங்களுக்கு: நல்ல டிவிடி பிளேயர் ஒண்ணு கெடைச்சா விசிடி அதுலயே ஓடும். ரொம்ப ஆரம்ப கால டிவிடி பிளேயர் சிலது ரைட் பண்ண சிடியைப் படிக்காது, டிவிடியோட 650 நானோமீட்டர் லேசருக்கு சிடி சாயத்துலேர்ந்து வெளிச்சம் சரியா திரும்பாது, 780 நானோமீட்டர் லேசரும் சேத்து வெச்ச பிளேயர் வேணும். 1998ல சீனால வந்த சூப்பர் விசிடி 480க்கு 576 புள்ளி, எம்பெக்-2, அதைச் சில பிளேயர் எடுக்கும் சிலது எடுக்காது. எந்த நாட்டு பிளேயர்ல ஓடும்னு கட்டுப்படுத்துற ரீஜன் கோடு விசிடிக்குக் கெடயாது, டிவிடிக்கு உண்டு, நமக்கு 5, சிங்கப்பூருக்கு 3, சித்தப்பா மாமா கொண்டாந்த டிவிடி ஓடலைன்னா அதைப் பாருங்க. 2006ல ஆரம்பிச்சுக் குடுத்த இலவச கலர் டிவி இன்னும் ஓடுற வீடு இருந்தா மஞ்சள், செவப்பு, வெள்ளை பின்னை நேரா சொருகலாம், புது டிவில அந்த ஓட்டை இருக்காது, பல மாடல்ல 3.5 எம்எம் ஏவி கேபிள் தனியா வாங்கணும். டிஸ்க் ரொம்ப மோசம், ராவாவும் வரலைன்னா, பிளேயர்ல ஓடவிட்டு அந்த ஏவி சிக்னலை யுஎஸ்பி கேப்சர் குச்சில ரெகார்டு பண்றது கடைசி வழி, தரம் கொறையும், ஒண்ணும் இல்லாததுக்கு அது மேல்.

மீதி இருந்தது ஆறாம் நம்பர்ல கட்டம் அடிச்ச எடம். பெரியவரோட ஆறாம் நம்பரையும் வாங்கிப் பாத்தோம், அதுலயும் அதே நிமிஷம், அதே செகண்ட்ல அதே மாதிரி கட்டம். ரெண்டு வீட்டு டிஸ்க்லயும் ஒரே எடத்துல கீறல் விழ வாய்ப்பில்ல, அப்போ கோளாறு டிஸ்க்ல இல்ல, ஸ்டுடியோல வீஎச்எஸ் டேப்லேர்ந்து கம்ப்யூட்டருக்கு ஏத்துன அன்னைக்கே விழுந்தது, எந்த வீட்டுக் காப்பி கெடைச்சாலும் அது அப்படித் தான் இருக்கும். ஸ்டுடியோவே மூடி வருஷமாச்சு, டேப் இல்ல. அந்த எடத்தை வெட்டாம அப்படியே விட்டு, ஃபைல் பக்கத்துல ஒரு குறிப்பு எழுதி வெச்சுக் குடுத்துட்டேன்.